சண்டிகரில் 2 நாள்: கேபிடல் வளாகம், செக்டர்கள், எதை எப்படிப் பார்ப்பது?

கோட்டோவியன்

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 5 பேர், நவம்பர் கடைசி வாரம், கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே வடிவமைத்ததாகப் பேசப்படும் சண்டிகர் போகிறோம். ஞாயிறு முற்பகல் தில்லியிலிருந்து ஷதாப்தியில் போய் இறங்குகிறோம், திங்கள் மாலை வண்டியில் திரும்புகிறோம். ஞாயிறு கேபிடல் வளாகம் (செயலகம், சட்டசபை, ஹைகோர்ட் இருக்கும் இடம்), ராக் கார்டன், சுக்னா ஏரி. திங்கள் செக்டர் 10 மியூசியம், செக்டர் 19 லெ கொர்புசியே சென்டர், செக்டர் 5 ஜன்னரே மியூசியம், மாலையில் செக்டர் 17. அந்த செக்டர் 5-லேயே ஓட்டலும் மலிவாகக் கிடைத்திருக்கிறது. இரண்டு நாளும் வாடகைக் கார்.

கேபிடல் உள்ளே போக என்ன அனுமதி வேண்டும்? கேமரா, டிரைபாட் விடுவார்களா? வேறு என்ன விட்டுப்போயிருக்கிறது?

செக்டர்22வாசி

தம்பி, டிக்கெட் இன்னும் எடுக்கலைன்னா முதல்ல கிழமையை மாத்துங்க. ஞாயிறும் திங்களும் இந்த ஊருக்கு இருக்கறதிலேயே மோசமான ஜோடி. ஞாயிறு செயலகமும் ஹைகோர்ட்டும் லீவு, கட்டடம் நிக்கும், ஆள் இருக்காது. திங்கள் நீங்க எழுதின மூணு மியூசியமும் லீவு. ரெண்டாம் நாள்ல உங்களுக்கு மிஞ்சறது செக்டர் 17 மட்டும்தான். செவ்வாய்லேருந்து வெள்ளிக்குள்ள எந்த ரெண்டு நாளும் சரி.

அடுத்தது ஓட்டல். சண்டிகர் செக்டர் 5 பெரிய பங்களாக்கள் இருக்கற பகுதி, மலிவான லாட்ஜுக்கு அங்க வேலையே இல்லை. புக்கிங் அட்ரஸோட கடைசி வரியைப் பாருங்க, பஞ்ச்குலான்னு இருக்கும். பஞ்ச்குலா ஹரியானா. அதுக்குத் தனியா 1-லேருந்து செக்டர் நம்பர் உண்டு. இந்தப் பக்கம் மொஹாலி பஞ்சாப். அங்க செக்டர் நம்பர் சண்டிகரோட தொடர்ச்சியா போகும், ஆனா ஊர்க்காரங்க 'ஃபேஸ்' நம்பர் சொல்லித்தான் வழி கேப்பாங்க. அதனால ஆட்டோவில ஏறும்போது செக்டர் நம்பரோட ஊர் பேரையும் சேர்த்தே சொல்லுங்க. தங்க 22 இல்லன்னா 35 பாருங்க. சாப்பாடும் அங்கயே ஆயிடும்.

பஸ்ஸுக்கும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டு ரெண்டு இருக்கு. தில்லி, ஹரியானா பக்கம் செக்டர் 17. பஞ்சாப், இமாச்சல் பக்கம் செக்டர் 43. பேரு ரெண்டுக்கும் ஐ.எஸ்.பி.டி.தான், நம்பர் சொல்லலைன்னா தப்பான இடத்தில இறக்கி விட்டுடுவாங்க.

மூங்கில்சாரம்

கேபிடல் பற்றி விரிவாகச் சொல்கிறேன். தனியாகப் போய் வாசலில் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். செக்டர் 1-ல் ஹைகோர்ட் வாகன நிறுத்தத்தை ஒட்டிச் சுற்றுலாத் துறையின் தகவல் மையம் இருக்கிறது. அங்கே பெயர் பதிந்து, வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். கட்டணம் இல்லை. வார நாட்களில் காலை, நண்பகல், பிற்பகல் என்று கூட்டிப் போவார்கள். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றிவர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஆளுக்கு ஒரு அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். 5 பேரில் ஒருவரிடம் இல்லையென்றால் 5 பேரும் நிற்க வேண்டிவரும். சட்டசபைக்குள் போன், கேமரா, பை எதுவும் போகாது. கூட்டத்தொடர் நடக்கும் நாளில் உள்ளே போவதே நடக்காது, எனவே தேதி குறிக்கும் முன் இரண்டு மாநிலங்களின் கூட்டத்தொடரையும் பாருங்கள். ஒரே கட்டடத்தில் பஞ்சாப், ஹரியானா இரண்டு சட்டசபையும் இயங்குகின்றன. பெரிய மன்றம் பஞ்சாபுக்கு. மேலவைக்கென்று கட்டிய, பிரமிடு கூரை போட்ட மன்றம் ஹரியானாவுக்கு.

காவல் கெடுபிடி அதிகமாகத் தோன்றும். 1995 ஆகஸ்ட் 31 அன்று பஞ்சாப் முதல்வர் பியந்த் சிங் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டது இந்தச் செயலகத்தின் வாசலில்தான். காவலர்களிடம் வாதாடிப் பயனில்லை. டிரைபாடுக்குத் தனி அனுமதிக் கடிதம் வேண்டும். ட்ரோனை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியதில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

செயலகம் 254 மீட்டர் நீளம். தூரத்திலிருந்து ஒரே கட்டடமாகத் தெரியும், உண்மையில் 6 துண்டுகள். முகப்பில் மேலிருந்து கீழ்வரை ஓடும் மெல்லிய பிளவைத் தேடுங்கள், அதுதான் விரிவு இணைப்பு. வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்க அந்த இடைவெளி இல்லாவிட்டால் இவ்வளவு நீளச் சுவர் தானே வெடித்துக்கொள்ளும். நான்காவது துண்டு அமைச்சர்களுக்கு. வெயிலைத் தடுக்க முகப்பில் வைத்த கான்கிரீட் கிராதியின் தாளம் அங்கே மட்டும் மாறி, இரண்டு மாடி உயரத்துக்குப் பெரிதாகிறது. வரைபடம் இல்லாமலே வெளியிலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

சட்டசபை மன்றத்தின் ஹைபர்போலாய்டு கோபுரம். அகமதாபாத் மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைப் பார்த்து எடுத்த வடிவம். அடிவிட்டம் ஏறக்குறைய 40 மீட்டர், ஓட்டின் தடிமனோ 15 செ.மீ. அளவுதான். வடிவத்துக்காக ஒலியை விட்டுக்கொடுத்த மன்றம் இது. வளைந்த கான்கிரீட் பேச்சைத் திருப்பி அடிக்கும். உள்சுவரில் மேகம் மேகமாகப் பதித்திருப்பவை அழகுக்கு மட்டுமல்ல, ஒலியை உறிஞ்சவும்தான்.

மூன்றாவது, அதே கட்டடத்தின் எனாமல் கதவு. பிரான்ஸ் கொடுத்த பரிசு. பக்கத்துக்கு 55 தகடு, மொத்தம் 110. நடு அச்சில் சுழலும் கதவு, சடங்கு நாட்களில் மட்டும் திறப்பார்கள்.

ஒளிவாங்கி

படம் எடுக்க ஒளிக் கணக்கு. ஊரின் கட்டம் திசைகளுக்கு நேராக இல்லை, சாய்ந்து கிடக்கிறது. கேபிடல் வடகிழக்கு முனையில். சட்டசபையும் ஹைகோர்ட்டும் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான முற்றத்தின் இரண்டு முனையிலிருந்து ஒன்றையொன்று பார்க்கின்றன. சட்டசபை முகம் தென்கிழக்கு, ஹைகோர்ட் முகம் வடமேற்கு.

நவம்பரில் காலை 9 மணிச் சூரியன் சட்டசபை முகப்புக்கு ஏறக்குறைய நேர் எதிரில் இருக்கும். கவிழ்த்த தொட்டி போன்ற அந்தக் கூரையின் கீழ் 8 மெல்லிய சுவர்த்தூண்களின் நிழலும் உள்ளே விழும். ஹைகோர்ட்டுக்கு மூன்று மணிக்கு மேல்தான் வெயில் எட்டிப் பார்க்கும், அதுவும் முகப்பை உரசிக்கொண்டு போகிற சாய்ந்த வெயில். முழுக் கட்டடம் எடுக்க அது உதவாது, கிராதி இருட்டாகத்தான் விழும். ஆனால் கான்கிரீட்டின் தோலை எடுக்க இதைவிட நல்ல ஒளி கிடையாது. பலகை அடைத்து வார்த்த இடங்களில் மரத்தின் நரம்பு வரை தெரியும். ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆகவே காலைக் குழுவில் ஒரு முறை, பிற்பகல் குழுவில் ஒரு முறை என இரண்டு தடவை பதிந்துகொள்ளப் பாருங்கள்.

டிசம்பர் பாதிக்கு மேல் போனால் மூடுபனி. ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும், முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாது. மே, ஜூனில் 40 டிகிரிக்கு மேல் போகும், அந்த முற்றத்தில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. அக்டோபர்–நவம்பர், பிப்ரவரி–மார்ச் இரண்டும்தான் உருப்படியான காலம்.

கோட்டோவியன்

மிக்க நன்றி. புதன், வியாழனுக்கு மாற்றிவிட்டோம். ஓட்டல் பஞ்ச்குலாதான், ரத்து செய்தாகிவிட்டது! ஒரு சந்தேகம். செக்டர் 17-லிருந்து கேபிடல் வரை ஜன மார்க் என்ற பெரிய சாலையில் நடந்தே போய் ஊரைப் பார்த்துவிடலாமா? நாலு கிலோமீட்டர் அளவுதான் காட்டுகிறது.

தார்ச்சாலை

நடக்கலாம். மரமும் மதில் சுவரும் பார்க்கலாம். இது காருக்காகப் போட்ட ஊர், நடப்பவனுக்கு இங்கே மரியாதை இல்லை. நாலு கிலோமீட்டரில் ஒரு டீக்கடை வராது. இதைத்தான் உலகமே மெச்சுகிறது.

பழையவரைபடம்

தார்ச்சாலை சொல்வது பெரிய சாலைக்குச் சரி, ஊருக்குச் சரியில்லை. இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். செக்டரைச் சுற்றிப் போய்விட்டு 'ஊரில் ஒன்றுமே இல்லை' என்று எழுதுகிறார்கள்.

செக்டர் 800-க்கு 1200 மீட்டர். அதைச் சுற்றி ஓடும் வேகச் சாலைக்குப் பெயர் வி-3. அதன் பக்கம் எந்த வீடும் கடையும் வாசல் வைக்கக் கூடாது என்பது விதி. வீடுகள் எல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்பக்கம் பார்த்து நிற்கும். பள்ளிக்கூடம், மருந்தகம், கடை எல்லாம் செக்டருக்கு உள்ளேயே இருப்பதால், பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்டாமலே பள்ளிக்குப் போய்வரலாம் என்பது கணக்கு. நடுவில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செக்டரைக் குறுக்கே வெட்டிப்போவது வி-4. அதுதான் கடைத்தெரு. கடைகள் பெரும்பாலும் ஒரே பக்கம், நிழல் விழும் பக்கம். அதிலிருந்து பிரிந்து வீடுகளுக்கிடையில் வளைந்து போவது வி-5, வீட்டு வாசலுக்குப் போவது வி-6. வி-7 செக்டரின் நீளவாக்கில் ஓடும் பசுமைப் பட்டை. காரே வராது. பள்ளியும் விளையாட்டுத் திடலும் அதன் ஓரத்தில்தான். ஒரு செக்டரின் வி-7 முடிந்து சாலையைத் தாண்டினால் அடுத்த செக்டரின் வி-7 தொடங்கும்.

ஆகவே ஜன மார்க்கை விடுங்கள். செக்டர் 22 போய், வி-4-ல் கிரண் தியேட்டர் அருகில் இறங்கிக்கொள்ளுங்கள். தியேட்டரே லெ கொர்புசியேயோடு வேலை செய்த கட்டடக்கலைஞர் மேக்ஸ்வெல் ஃப்ரை வடிவமைத்ததுதான். அங்கிருந்து முதல் வி-5-ல் திரும்பி, அது இழுக்கிற போக்கில் நடந்து, வி-7-ஐத் தொட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். இந்த ஊர் எதற்காகப் போடப்பட்டது என்பது கேபிடலில் தெரியாது, இங்கேதான் தெரியும்.

முதலில் எழுந்த செக்டர்களில் 22 ஒன்று. அரசு ஊழியர் குடியிருப்பில் பியூன் முதல் முதலமைச்சர் வரை 13 தரம் வைத்தார்கள். அடிமட்டத் தர வீடுகளில் அதே குழுவில் இருந்த ஜேன் ட்ரூவின் வேலை பெரியது. சிமென்ட்டும் இரும்பும் அருமையாக இருந்த காலம், செங்கல்தான் கைக்கு எட்டிய பொருள். அதனால் ஜாலி (துளைத்துளையாகக் கட்டிய சுவர்), வெயில் தடுப்பு, மதில் எல்லாமே செங்கல். ஒரு ஜாலிச் சுவர் முன்னால் நின்று, கல்லை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள், எத்தனை வரிக்கு ஒருமுறை பிணைப்புக் கல் வருகிறது என்று எண்ணி வரைந்து வாருங்கள். மாணவர்களுக்கு அந்த ஒரு தாள் பத்து கேபிடல் புகைப்படத்துக்குச் சமம்.

செக்டர்22வாசி

அண்ணன் சொன்னதில ஒரு எச்சரிக்கை. அந்த வீடுகள்ல குடும்பம் நடத்தறாங்க. ஜன்னலுக்கு நேரா கேமராவை நீட்டாதீங்க, வாசல்ல யாராவது நின்னா ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. செக்டர் 2, 3 பக்கம் அமைச்சர்கள் வீட்டு வாசல்ல காவலுக்கு ஆள் இருக்கும், அங்க படமே வேண்டாம்.

பழைய அரசு வீடுகள்ல பாதியில பால்கனியை அடைச்சு ரூம் ஆக்கியிருப்பாங்க, ஜாலிக்குப் பின்னால கண்ணாடி போட்டிருப்பாங்க. 'கெடுத்துட்டாங்க'ன்னு உடனே எழுதாதீங்க. மூணு தலைமுறை குடியிருந்தா வீடு அப்படித்தான் ஆகும்.

தார்ச்சாலை

உள்ளே நடக்க நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு செக்டரிலிருந்து அடுத்த செக்டருக்குப் போவதுதான் பாடு. ரவுண்டானாவில் கார் நிற்காது, நடப்பவன் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். 5 லட்சம் பேருக்கென்று வரைந்த ஊர், 2011 கணக்கெடுப்பிலேயே யூனியன் பிரதேசத்தில் 10 லட்சம் தாண்டிவிட்டது. மெட்ரோ கிடையாது. இந்தக் குறையை யாரும் எழுதுவதில்லை.

பழையவரைபடம்

குறை உண்டு. ஆனால் 5 லட்சத்தில் ஊர் நிற்கும் என்று நம்பியதுதான் பிழை. செக்டர் முறையின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. 1952-ல் சுற்றுப்புறக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டு, நகரைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் வைத்தார்கள். 1966-ல் மாநிலம் பிரிந்ததும், அந்தப் பட்டை பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் பங்காகிப் போனது. மொஹாலியும் பஞ்ச்குலாவும் எழுந்தது அந்தப் பட்டையில்தான். உள்ளே இன்னும் இறுக்கம்தான். செக்டர் 1 முதல் 30 வரையிலான முதல் கட்டப் பகுதியில் ஒரு வீட்டை மாடிமாடியாக அடுக்ககம்போல் பிரித்து விற்பதை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆகவே உள்ளே உயர முடியவில்லை, வெளியே பரவிவிட்டது.

இன்னொன்று. எல்லாவற்றையும் லெ கொர்புசியே தலையில் கட்டாதீர்கள். முதல் திட்டம் ஆல்பர்ட் மேயரும் மாத்யூ நோவிட்ஸ்கியும் போட்டது. நோவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் இறந்தார். 1951-ல் வந்த கொர்புசியே, மேயரின் வளைந்த சாலைகளை நிமிர்த்தினார். கேபிடல் அவருடையது. ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போனவர் அவர். இங்கேயே தங்கி, பள்ளி, வீடு, கல்லூரி, நாற்காலி வரை வரைந்தவர் அவருடைய தம்பி முறை உறவினர் பியேர் ஜன்னரே. 1965 வரை இருந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியைச் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். செக்டர் 5, 57-ஆம் எண் வீடு அவர் குடியிருந்தது. நீங்கள் பார்க்கப்போகிற ஜன்னரே மியூசியம் அதுதான்.

மூங்கில்சாரம்

அந்த வரிசையில் காந்தி பவனையும் சேருங்கள். செக்டர் 14, பஞ்சாப் பல்கலைக்கழக வளாகம், ஜன்னரே, 1962. தண்ணீரின் நடுவில் மூன்று இதழாக விரிகிற கட்டடம். உங்கள் பட்டியலில் இல்லாதது இதுதான். அடையாள அட்டையைக் காட்டி வளாகத்துக்குள் போகலாம், பக்கத்து மாணவர் மையத்தில் சாப்பாடும் கிடைக்கும்.

செக்டர் 10 மியூசியத்தைப் பொருளுக்காகவும் பாருங்கள், கட்டடத்துக்காகவும் பாருங்கள். லாகூர் மியூசியச் சேகரிப்பு பிரிவினையில் பங்கிடப்பட்டபோது இந்தியாவுக்கு வந்த காந்தாரச் சிலைகள் அங்கேதான். கட்டடம் தூண்கள் மேல் நிற்கிற சதுரம், மேலிருந்து வெளிச்சம். அகமதாபாத், டோக்கியோ இரண்டு ஊரிலும் இதன் அண்ணன் தம்பியாக லெ கொர்புசியேயின் மியூசியம் உண்டு. வெளிச்சம் வருகிற இடத்தைத் தேடி நின்று ஒரு வெட்டுப்படம் வரையுங்கள். பக்கத்திலேயே நகர அருங்காட்சியகம், மூலத் திட்ட வரைபடங்கள் அங்கே.

ஹைகோர்ட்டில் ஒரு விஷயம் விட்டுப்போனது. மேலே குடைபோல் ஒரு கூரை, கீழே அறைகளுக்குத் தனிக் கூரை, நடுவில் காற்று புகுந்து போக இடைவெளி. வெயிலுக்கு அருமையான யோசனை. ஆனால் சாரல் மழைக்கும் சாய்ந்த வெயிலுக்கும் அது போதவில்லை. தலைமை நீதிபதி மன்றத்தின் முன் வராண்டா போடலாமா, உலகப் பாரம்பரியத் தகுதி போய்விடுமா என்ற வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், வராண்டா போடலாம் என்று முடிந்தது. 2016-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்த கட்டடத்துக்கு ஒரு தாழ்வாரம் போடுவது எவ்வளவு சிக்கல் என்று வகுப்பில் பேச நல்ல உதாரணம்.

எண்கணக்கு

ஒரு சின்னக் குறிப்பு. 13-ஆம் எண்ணை விட்டுவிட்டுத்தான் செக்டர் எண் போட்டார்கள் (சமீபத்தில்தான் மணிமாஜ்ராவுக்கு அந்த எண்ணைக் கொடுத்தார்கள்). ஆனால் கேபிடலிலிருந்து கீழே இறங்கும்போது ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிற செக்டர்களைக் கூட்டிப் பாருங்கள்: 3-ம் 10-ம் 13. 10-ம் 16-ம் 26. 16-ம் 23-ம் 39. எல்லாம் 13-இன் மடங்கு. பக்கத்து வரிசையில் 4, 9, 17, 22-க்கும் அதே கணக்கு. வரைபடம் இல்லாமல் வழி தெரிந்துகொள்ள உதவும். தெற்கே தட்சிண மார்க் சாலையைத் தாண்டினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், நம்பிப் போகாதீர்கள்.

மிதிவண்டி

இரண்டு நாளும் கார் வேண்டாம். முதல் நாள் கேபிடல், ஏரி, ராக் கார்டன் மூன்றும் ஒரே மூலை, இறக்கிவிட ஒரு ஆட்டோ போதும். இரண்டாம் நாள் வாடகை சைக்கிள். பெரிய சாலைகளின் ஓரத்தில் தனி சைக்கிள் பாதை உண்டு. ரவுண்டானாவில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

ராக் கார்டனுக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். நுழைவு வழிகள் வேண்டுமென்றே தாழ்வாக வைத்தவை, உயரமானவர்கள் குனிந்தே போக வேண்டும். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் கட்டியது. நகரத்துக்காக இடித்த கிராமங்களின் ஓடு, பீங்கான், உடைந்த வளையல் எல்லாம் அங்கே சுவராகவும் பொம்மையாகவும் நிற்கின்றன. கேபிடலுக்கு முன்னால் அல்ல, பின்னால் பாருங்கள், அப்போதுதான் உறைக்கும்.

கோட்டோவியன்

இறுதித் திட்டம்: புதன் காலைக் குழுவில் கேபிடல், மதியம் ராக் கார்டன், மூன்று மணிக்கு மீண்டும் ஹைகோர்ட், ஏரியில் மாலை. வியாழன் காலை செக்டர் 22 நடை, பிறகு சைக்கிளில் 19, 10, 5, 14. மாலை செக்டர் 17. சரியா?

செக்டர்22வாசி

வரிசை தப்பு. 19-லேருந்து 5, அப்புறம் 10, கடைசியா 14. இல்லன்னா ஒரே ரோட்டில ரெண்டு தடவை மிதிப்பீங்க. செக்டர் 17-ஐ ரொம்ப எதிர்பார்க்காதீங்க. 2013-ல எலாந்தே மால் வந்த பிறகு கூட்டம் அங்க போயிடுச்சு. ஆனா அந்த நாலு மாடி கான்கிரீட் வரிசை, கீழ வராண்டா, கார் இல்லாத முற்றம் எல்லாம் அப்படியேதான் இருக்கு. கடை சாத்தின பிறகு போனா தூண் வரிசை முழுசா தெரியும். அங்க யாரையாவது பார்க்கணும்னா கதவு நம்பர் 'எஸ்.சி.ஓ.' அல்லது 'எஸ்.சி.எஃப்.'னு இருக்கும். முதல்ல சொன்னது கீழ கடை மேல ஆபீஸ், ரெண்டாவது கீழ கடை மேல வீடு.

பழையவரைபடம்

ஒரு பெரிய வெள்ளைத் தாளும் மெழுகுப் பென்சிலும் எடுத்துப் போங்கள். பழைய செக்டர்களில் நடைபாதை ஓரமாக, நகர வரைபடம் புடைப்பாக வார்த்த இரும்பு மேன்ஹோல் மூடிகள் இருக்கின்றன. வெளிநாட்டு ஏலத்தில் விலைபோக ஆரம்பித்த பிறகு நிறையக் காணாமல் போய்விட்டன. கண்ணில் பட்டால் தூசியைத் துடைத்து, தாளை மேலே விரித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். கட்டம் முழுவதும் தாளில் ஏறிவிடும். நடு ரோட்டில் இருப்பதை விட்டுவிடுங்கள், ஓரத்தில் இருப்பதை மட்டும்.